ஆறு குதிரை, ஏழு நிழல்

செங்கரைப் பந்தயத் திடலில், செத்துப்போன குதிரையின் நிழல் மட்டும் தனியாக ஓட ஆரம்பித்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வளைவுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னொரு பாய்லர் வாங்கி வைத்தார், இரண்டாக இருந்த ஐஸ் வண்டிகள் ஐந்தாயின, அதுவரை திடல் பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பங்கள் புளிசாதமும் பாயும் தண்ணீர்க் குடமுமாக வேலியோரம் இடம் பிடிக்கக் காலையிலேயே வந்து இறங்கின, வந்தவர்கள் எல்லோரும் நிழலைப் பார்க்க வந்தார்கள், ஜவுளிக்கடை தணிகாசலம் ஒருவர்தான் நிழல் தன்னைப் பார்க்கிறதா என்று பார்க்க வந்தார்.

தணிகாசலம் கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில், பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வை. ஐம்பது வயதுக்கு இரண்டு குறைவு. எறும்பை மிதித்துவிட்டாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிற ஆள் என்று தெருவில் பெயர் எடுத்திருந்தார், அந்தப் பெயரை அவரும் நம்பித்தான் இருந்தார், தை மாதத்துக் கடைசி ஞாயிறு வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் திடலுக்குப் போனதே ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ஓசி பாஸில்தான். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த சந்தோஷத்தில் அந்த மனிதர் ஆறு பாஸை நீட்ட, வீட்டில் மனைவி மரகதவல்லி, அண்ணன் குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று சொல்ல, எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஒரு அடுக்கு எவர்சில்வர் தட்டு என்று ஒரு குட்டிக் கல்யாணத்துக்கே கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மரகதவல்லியின் அண்ணன் குலசேகரன் வளைவின் அந்தப் பக்கம் நின்றால்தான் குதிரை முகத்துக்கு நேராக வரும் என்று தன் குடும்பத்தோடு அங்கே போய் நின்றுகொண்டார், தணிகாசலமும் மரகதவல்லியும் சாப்பாட்டு மூட்டையோடு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள், நடுவில் பந்தயப் பாதை பச்சைப்பசேலென்று வளைந்து கிடந்தது.

இங்கே குலசேகரனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், இத்தனையிலும் யாரும் தன்னை முறையாக வந்து சாப்பிடக் கூப்பிடவில்லை என்பதற்காகப் பந்தியில் உட்காராமல், பசித்த வயிற்றோடும் தூக்கின முகத்தோடும் வீடு திரும்பியவர் அவர். கூப்பிடுவது என்றால் சும்மா யாரோ கூப்பிட்டால் போதாது, வீட்டு மாப்பிள்ளை தன் வாயால் கூப்பிட வேண்டும், இரண்டு தரம் கூப்பிட வேண்டும், போனில் கூப்பிட்டால் அது கணக்கில் சேராது.

மணி இரண்டு ஆனது. மரகதவல்லி மூட்டையைப் பிரித்தாள்.

"அண்ணனைக் கூப்பிடுங்க. நாம முதல்ல கை வெச்சுட்டோம்னா அப்புறம் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டும்."

மூன்றாவது பந்தயம் கிளம்பிவிட்டிருந்தது. ஏழு குதிரைகள் தூரத்தில் புழுதியாகத் தெரிந்தன. பாதையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதென்றால் கால்மணி நேரம் ஆகும், அதற்குள் மச்சானுக்குப் பசி கோபமாக மாறிவிடும் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அவர் ஒரு பெரிய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார், வேலியின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றார், தட்டைத் தலைக்கு மேலே தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "மச்சான்! சாப்பிட வாங்க! மச்சான்! சாப்பிட வாங்க!" என்று முறைப்படி இரண்டு தரம் கூப்பிட்டார்.

தட்டில் வெயில் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை அகல வெளிச்சம் ஒன்று புல்மேல் ஓடியதை, எதிர்வேலியைத் தாண்டியதை, குலசேகரனின் வெள்ளைச் சட்டையில் ஏறி முகத்தில் அடித்ததை, அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டதை எல்லாம் தணிகாசலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திரும்பி வரும் வழியில் அந்த வெளிச்சம் வளைவுக்குள் முதலாவதாக நுழைந்த குதிரையின் வலது கண்ணில் விழுந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அது வெடுக்கென்று கழுத்தைத் திருப்பியது, முன்கால் ஒன்றோடு ஒன்று பின்னியது, மேலே இருந்த ஜாக்கி வேலிப்பக்கம் போய் விழுந்தான், பின்னால் வந்த ஆறும் விலகித் தாவி ஓடிப் போயின.

குதிரை இரண்டு தரம் எழுந்திருக்கப் பார்த்தது. அப்புறம் ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கி அதைச் சுற்றிப் பச்சைத் திரை ஒன்றைப் பிடித்தார்கள். கால் முறிந்த குதிரை இனி எழாது, அதற்கு என்ன செய்கிறார்களோ அதை ஜனங்கள் பார்க்கக் கூடாது, அதற்குத்தான் அந்தத் திரை. உள்ளேயிருந்து கதவை அறைந்து சாத்துகிற மாதிரி ஒரே ஒரு சத்தம் வந்தது. திரையைச் சுருட்டினார்கள், வேன் போயிற்று, நாலாவது பந்தயத்துக்கு ஒலிபெருக்கி அழைத்தது.

தணிகாசலம் கீழே இறங்கினார். மரகதவல்லி அவர் கையிலிருந்த தட்டை வாங்கி, அதில் ஒன்றுமில்லாதபோதும் முந்தானையால் இரண்டு தரம் துடைத்தாள்.

"யாரும் பாக்கல," என்றாள் குனிந்தபடியே. "உக்காருங்க."

குலசேகரன் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், முறையாகக் கூப்பிட்டதில் முகம் மலர்ந்திருந்தார், இரண்டு தரம் எலுமிச்சை சாதம் போட்டுக்கொண்டார். தணிகாசலமும் சாப்பிட்டார். பிற்பாடு அவர் எத்தனையோ யோசித்து, எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டும் தன்னைத்தானே மன்னிக்க முடியாமல் போன இடம் அதுதான்: அன்றைக்கு அவருக்கு நல்ல பசி, உருளைக்கிழங்கு ருசியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாவது பந்தயத்தில் ஆறு குதிரைகள் ஓடின, பாதையில் ஏழு நிழல்கள் ஓடின. தணிகாசலத்துக்கு இந்தச் செய்தி கடையில்தான் வந்து சேர்ந்தது. மயில்கழுத்து நிறத்துக்கும் வெங்காயத்தோல் நிறத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்த ஒரு அம்மாள், இரண்டையும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபடியே, "அந்த நிழலுக்கு மேல ஜாக்கி இல்லியாமே, வெறும் சேணந்தானாமே," என்று பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார், "ஜாக்கிதான் பொழச்சிட்டானே, அவன் நிழல் அவன்கூட ஆஸ்பத்திரியில இருக்கும்," என்றாள். அது சரிதான் என்று இருவரும் தலையாட்டிவிட்டு வெங்காயத்தோல் நிறத்தையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

செங்கரை இந்த விஷயத்தை ஏற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், ஊர் இதற்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நிழல் மற்றக் குதிரைகளோடு கிளம்பும், ஒரு கழுத்தளவு பின்தங்கி ஓடும், வளைவுக்கு வந்ததும் அதே இடத்தில் சடக்கென்று நிற்கும், நின்றது நின்றபடி சாயங்காலம் வரைக்கும் புல்மேல் கிடக்கும். முதல் வாரம் திடல் நிர்வாகம், நிழல் பந்தயத்தில் சேராது, அதன்மேல் யாரும் பணம் கட்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. இரண்டாவது வாரம் ஜாக்கிகள் வந்து, நிழல் காலடியில் வரும்போது எங்கள் குதிரைகளுக்குச் சூடு தெரிவதில்லை, இன்னும் நன்றாக ஓடுகின்றன, அதனால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நாலாவது வாரம் பந்தயப் புத்தகத்திலேயே ஆறு குதிரைகளின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, எண் இல்லாமல், 'மௌண்டன் குயின் (நிழல்)' என்று அச்சாகிவிட்டது. வளைவில் யாரும் குடை விரிக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். மேற்கே சாய்கிற வெயிலில் தங்கள் நிழல் நீண்டுபோய் அதன்மேல் விழுந்துவிடக் கூடாதென்று முன்வரிசை ஜனங்கள் தாங்களாகவே குந்தி உட்கார்ந்தார்கள். ராத்திரியில் பயந்து அலறுகிற குழந்தைகளைக் கொண்டுவந்து அந்த நிழல் படும்படி ஒரு நிமிஷம் பிடித்தால் பயம் தெளிகிறது என்று யாரோ சொல்ல, தெளிந்தும் போக, வேலிக்குள் கைநீட்டிக் குழந்தை பிடிக்க ஒரு தனி வரிசை உண்டாயிற்று. வேலியில் ஒருவர் சாமந்தி மாலை போட்டார், இன்னொருவர் பச்சைப் போர்வை போர்த்தினார், ஒரு வாரம் முறைத்துக்கொண்டார்கள், பிறகு மாலைக்கு இடதுபக்கக் கம்பம் போர்வைக்கு வலதுபக்கக் கம்பம் என்று பேசி முடித்து ஒரே கடையில் டீ குடித்தார்கள். மேகம் மூடிய ஞாயிறு ஒன்றில் நிழல் வராமல்போக, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் திடல் நிர்வாகத்தைக் கண்டபடி திட்டினார்கள். ஒரு செத்த குதிரை ஏன் இப்படி ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஊரிடம் பதிலும் இருந்தது. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சேணம் கட்டிப் பார்த்துக்கொள்கிற ஆளைத் திடலில் சைஸ் என்பார்கள். மௌண்டன் குயினுக்குச் சைஸ், மஸ்தான் என்பவர். விழுந்த குதிரையின் வயிற்று வார் தளர்ந்து கிடந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். திடீரென்று மிரண்டது என்று ஜாக்கி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் கிடைத்துவிட்டார். வளைவில் நின்றவர். வார் அவிழ்ந்து தொங்கியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சொன்னவர். குலசேகரன்.

மஸ்தானை லாயத்துக்குள் நுழையக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள், சீசன் முடிகிற ஞாயிறுக்கு மறுநாள் கடைசித் தீர்ப்பு என்றார்கள். அவர் ஞாயிறுதோறும் எல்லோரையும்போலச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார், கடைசிப் பந்தயம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் காவல்காரர் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க, ஒரு வாளித் தண்ணீரோடு வேலி தாண்டிப் போய், புல்மேல் கிடந்த நிழலைத் தலையிலிருந்து குளம்புவரை கைகளால் தெளித்துத் தெளித்துக் கழுவினார். கழுவும்போது வாய் ஓயாமல் எதையோ முணுமுணுத்தது. பிறகு எழுந்து நடப்பார், அதுவும் கூட நடக்கும். ஓடிக் களைத்த குதிரையைச் சூடு ஆறுகிறவரை நடத்திக் கூட்டிப்போவது வழக்கம். லாயத்து வாசலில் அவர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிடுவார், அந்த இடத்திலேயே அது படுத்துக்கொள்ளும், சூரியன் இறங்கியதும் கரைந்துபோகும்.

தணிகாசலம், கடையில் சரக்கு சரிபார்க்கிறோம் என்று மரகதவல்லியிடம் பொய் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் வந்தார், வளைவோரப் படிகளில் நாலு வரிசைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் நிழலின் தலை தன் பக்கமே திரும்பி இருப்பதாக அவருக்குப் பட்டது. நாலாவது ஞாயிறு மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வேலியோரம் வாளியோடு காத்திருந்த மஸ்தானின் பக்கத்தில் போய் நின்றார். சொல்லிவிடுவது என்று முடிவுகட்டித்தான் போனார்.

"உங்க குதிரையா பாய்?"

"என் குதிரை இல்ல சார், முதலாளி குதிரை," என்றார் மஸ்தான். அறுபது வயதிருக்கும், கன்னம் ஒட்டியிருந்தது. "குட்டியிலேர்ந்து நான்தான் பாத்துக்கிட்டேன். குயினும்பேன். குயினுன்னா நிக்கும்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வார்ல அஞ்சாவது துளையிலதான் சார் எப்பவும் மாட்டுவேன். அன்னைக்கும் அஞ்சுலதான் மாட்டினேன்னு கை சொல்லுது. நாலாயிருக்குமோன்னு மனசு சொல்லுது. நாலு வாரமா தூக்கமில்ல. அதான் விசாரணையில கேட்டப்ப, தப்பு என்னுதுதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"டீ சாப்பிடுறீங்களா பாய்?" என்றார்.

வாங்கிக்கொடுத்தார். மஸ்தான் சூட்டோடு குடித்துவிட்டு, "இந்த நாலு வாரத்துல எங்கிட்ட நின்னு பேசுன ஒரே ஆளு நீங்கதான் சார். நல்ல மனுஷன்," என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது தணிகாசலத்துக்குத் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் அவர் நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். குலசேகரன் ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், வார் தொங்கினதை நிஜமாவே பாத்தீங்களா?"

குலசேகரன் பத்திரிகையை மடித்தார். உள்ளே மனைவி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என் கண்ணுல வெளிச்சம் அடிச்சுது மாப்ளே. ஒரு நிமிஷம் ஒண்ணுமே தெரியல. கண்ணைத் தொறந்தப்ப குதிரை கீழ கெடக்கு, நீங்க தட்டோட கம்பியில நிக்கிறீங்க. எனக்குப் புரியாதா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"என்ன மாப்ளே இப்படிக் கேக்குறீங்க?" குலசேகரனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "முப்பது வருஷத்துல ஒருத்தன் என்னை முறையாக் கூப்பிட்டதில்ல. அத்தனை கூட்டத்துல, கம்பிமேல ஏறி நின்னு, ஊர் பாக்க ரெண்டு தரம் கூப்பிட்டீங்க. அந்த மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய வேணாமா நான்? உங்க தலையில வந்து விழ வேண்டியதை வேற பக்கம் திருப்பி விட்டேன். குடும்பம்னா வேற என்ன?"

தணிகாசலத்தால் அதற்குமேல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. தான் கூப்பிட்ட கூப்பாடு ஒரு குதிரையைக் கொன்று, மச்சானைப் பொய்ச்சாட்சியாக்கி, ஒரு கிழவரின் தூக்கத்தைத் தின்றுவிட்டு, இன்னும் பசியோடு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கடையில் பட்டுப்புடவையைப் பிரித்து ஜரிகையை விளக்குக்கு நேரே காட்டவேண்டி வரும்போதெல்லாம் வேறு ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். மரகதவல்லிக்கு முதல் வாரத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சரக்கு சரிபார்க்கிற கடை செங்கரையில் கிடையாது. ஆனால் அவளும் கேட்கவில்லை. கேட்டால் பேசவேண்டி வரும், பேசினால் அண்ணன் பெயர் வரும்.

சீசனின் கடைசி ஞாயிறு பங்குனி வெயிலோடு வந்தது. நிழலை இனி அடுத்த தைக்குத்தான் பார்க்க முடியும் என்று ஊரே திரண்டிருந்தது. மரகதவல்லி காலையில் குளித்துவிட்டு, "நானும் வரேன்," என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது பந்தயத்தில் நிழல் ஓடியது, வளைவில் நின்றது, ஜனங்கள் கும்பிட்டார்கள், குழந்தைகளைப் பிடித்தார்கள், முன்வரிசையில் குலசேகரன் நாலு வெளியூர்க்காரர்களுக்கு வார் தொங்கிய கதையைக் கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பந்தயமும் முடிந்தது. ஆனால் அன்று கூட்டம் கலையவில்லை. மஸ்தான் வாளியோடு வேலி தாண்டினார், புல்லில் உட்கார்ந்தார், கழுவ ஆரம்பித்தார். தணிகாசலம் எழுந்தார், நாலு வரிசையையும் மிதித்துக்கொண்டு இறங்கினார், யாரோ "யோவ், நிழல் விழுதுய்யா, உக்காரு!" என்று கத்தினார், அவர் வேலியைத் தாண்டிக் குதித்தார். சாய்ந்த வெயிலில் அவருடைய நிழல் நெட்டநெடுக நீண்டு போய்க் குதிரையின் நிழல்மேல் விழுந்தது. புல்மேல் கிடந்த நிழல் வெடுக்கென்று கழுத்தைத் திருப்பி, முன்கால் பின்னி, அன்று விழுந்த மாதிரியே விழுந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

மஸ்தான் ஈரக் கையோடு நிமிர்ந்தார். "என்ன சார் பண்ணீங்க?"

"நான்தான் பாய்," என்றார் தணிகாசலம். அவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கும் நான்தான். எங்க மச்சானைச் சாப்பிடக் கூப்பிட எவர்சில்வர் தட்டைத் தூக்கி ஆட்டினேன். வெளிச்சம் அது கண்ணுல பட்டுது. அதனாலதான் மிரண்டுச்சு. நான் பாத்தேன் பாய். வெளிச்சம் போறதை, படறதை, எல்லாத்தையும் பாத்தேன்."

"அப்ப வார்?"

"வார் தொங்கல. விழுற வரைக்கும் தொங்கல. விழுந்து பொரண்டதுலதான் தளர்ந்திருக்கணும்."

மஸ்தான் தன் வலதுகையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அந்தக் கையை முதல்தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார். "அஞ்சுதான்," என்றார் மெதுவாக. "அஞ்சாவது துளைதான். கை சரியாத்தான் சொல்லியிருக்கு." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

முன்வரிசையில் குலசேகரன் எழுந்து நின்று, "மாப்ளைக்கு வெயில் தலைக்கேறிடுச்சு, யாரும் நம்பாதீங்க! நான் கண்ணால பாத்த சாட்சி!" என்று கூவினார். அப்போது வேலியோரத்திலிருந்து மரகதவல்லியின் குரல் வந்தது. அவள் சத்தம்போட்டுப் பேசிச் செங்கரையில் ஒருவரும் கேட்டதில்லை.

"அண்ணே, உக்காரு. தட்டு என்னுது. நான் பக்கத்துல இருந்தேன். யாரும் பாக்கல, உக்காருங்கன்னு இவரைத் தடுத்ததும் நான்தான்."

குலசேகரன் உட்காரவில்லை, நிற்கவுமில்லை. முப்பது வருஷத்துப் பழக்கப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். இந்தத் தடவை அவரைத் திரும்ப அழைக்க யாரும் ஓடவில்லை.

மஸ்தான் கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. அழுகை போய்விட்டிருந்தது.

"ஏழு ஞாயிறு சார்," என்றார். "ஒவ்வொரு தடவ கழுவுறப்பவும் இதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். குயினு, என்னை மன்னிச்சுடு, குயினு, என்னை மன்னிச்சுடுன்னு. நீங்க மேல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க."

தனக்குக் கொஞ்சம் மனசு இலேசாகும் என்று தணிகாசலம் நினைத்திருந்தார், சொல்லிவிட்டால் இலேசாகும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், இலேசானது மஸ்தானுக்குத்தான். கிழவர் எழுந்தார், தட்டிவிட்டுக்கொண்டார், லாயத்தைப் பார்த்து நடந்தார். ஏழு வாரமாக அவர் எழுந்தால் கூட எழுகிற நிழல் அன்று எழவில்லை. அவர் பாதித் தூரத்தில் நின்று, "குயினு," என்றார். அது அசையாமல் கிடந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு லாயத்து வாசலுக்குப் போனார், காவல்காரர் கதவைத் திறந்து உள்ளே விட்டார்.

தணிகாசலம் எழுந்து வீட்டுக்கு நடக்க ஆரம்பித்ததும், குதிரையின் நிழல் காலைக் கூட்டி எழுந்து, அவர் பின்னாலேயே நடந்தது. வேலிக்கு வெளியே, டீக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றால் நின்று, பஸ்ஸில் ஏறாமல் அவர் நடக்க, அதுவும் நடந்து, சாயங்கால வெயிலில் கடைத்தெரு பூராவும் நீண்டு, அவர் வீட்டுவாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு நாள் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிச் சுற்றிப் போனார், மூன்றாம் நாளிலிருந்து மணி அடித்தார், அது கொஞ்சம் காலை மடக்கிக்கொண்டது. திடல் நிர்வாகம், நிழல் தங்கள் சொத்து என்று ஒரு கடிதம் போட்டுப் பார்த்தது, வந்து கட்டி இழுத்துப் போகச் சொல்லி மரகதவல்லி பதில் எழுதியதும் விட்டுவிட்டது. டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லரை விற்றார், தணிகாசலத்தை எங்கே பார்த்தாலும் காறித் துப்பினார். ஜவுளிக்கடையில் சிலர் அவரிடம் புடவை வாங்க மறுத்தார்கள், சிலர் அவரிடம்தான் வாங்குவோம் என்று நின்றார்கள், இரண்டு தரப்பாரையும் நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. மஸ்தானைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டார், ஒரு கறுப்புக் குட்டியை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டார். வாசலில் கிடக்கிற நிழல் வரவர வெளிறிக்கொண்டே வந்தது. அவர் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கொள்ளு வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு மஸ்தான் வந்தார். வீடு விசாரித்து வந்தவர் வாசற்படி ஏறவில்லை, மரகதவல்லி நீட்டிய தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார், குந்தி உட்கார்ந்து நிழலைத் தடவிப் பார்த்தார்.

"இளைச்சிருக்கு," என்றார்.

தணிகாசலம் கைகட்டி நின்றார். எத்தனை நாளாகவோ நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "பாய், என்னை மன்னிப்பீங்களா?"

மஸ்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது என் வேலையில்ல சார்," என்றார். "ஓடுற ஜீவன் இது. தினம் ரெண்டு வேளை நடை வேணும். படுக்கப்போட்டு வெச்சா இப்படித்தான் தேயும். நடத்துங்க."

"இப்பவா?"

"பின்ன?"

கடை திறக்கிற நேரம். ஜவுளிக்கடை மேற்பார்வைச் சட்டையோடே தணிகாசலம் தெருவில் இறங்கினார். நிழல் மெல்ல எழுந்தது, அவர் அதன் இடதுபக்கமாக நடக்க, அது தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. எதிரே ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி மின்னியதும் நின்று நடுங்கியது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, திரும்பிக் கிழவரைப் பார்த்தார்.

"இடது பக்கம் இல்ல சார்," என்றார் மஸ்தான். "வலது பக்கம் வாங்க. அந்தக் கண்ணுக்கு இன்னும் பயம் போகல. இனி அந்தப் பக்கம் நீங்கதான் நிக்கணும்."

தணிகாசலம் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். வெயிலுக்கு நேரே நின்றதில் அவர் கண் கூசியது, கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிழல் ஒரு காலை எடுத்து வைத்தது.